உலாரைத் தேடிப் போட்ட பதிவு

கலிபா அக்கா விற்கிற சோபாவை நாடு முழுக்கத் தெரிய வைத்தவள் நான். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும் சோபா அது. அதைப் போய் ஓஷ் முதல் நரின் வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் "அந்தப் பச்சை சோபாதான் வேணும்" என்று அடம்பிடித்து வாங்கும்படி செய்தேன். பதிவு எழுதுவது, படம் போடுவது, அதை ஊரார் கைமாற்றிக் கைமாற்றிப் பகிரும்படி செய்வது, இதுதான் என் தொழில். ஆபீஸ் கிடையாது, தலைக்கு மேல் முதலாளி கிடையாது. தலைநகர் பிஷ்கெக்கில் வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு மேசை, ஒரு போன், அவ்வளவுதான். சோபாவுக்கும் பல் டாக்டருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் செய்து கொடுத்தவளுக்குச் சொந்தத் தம்பிக்குச் செய்யத் தெரியாதா என்று நினைத்தேன்.

தம்பி பெயர் உலார். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். வளர்த்தது என்றால், திட்டித் திட்டி வளர்த்தது. ரஷ்யாவில், வடக்கே சுர்குத் பக்கம், கட்டட வேலைக்குப் போயிருந்தான். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குரல் பதிவு ஒன்று அனுப்புவான். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பேசுவான், பாதி புரியாது. ஒருநாள் அது வரவில்லை. மறுநாளும் இல்லை. போன் அணைந்திருந்தது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையனைப் பிடித்தேன். "வேற சைட்ல ஆள் கேக்குறாங்கன்னு பஸ் ஏறிப் போனான்க்கா. அங்க போய்ச் சேரலைன்னு சொல்றாங்க," என்றான். அங்கத்திய போலீஸுக்குப் போன் போட்டால், வளர்ந்த ஆண்பிள்ளை, வருவான், காத்திருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

சரி, நான் என் தொழிலைக் கையில் எடுத்தேன். அவன் கறுப்பு ஜாக்கெட் போட்டுச் சிரிக்கிற படம். முதல் வரியிலேயே பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம். அடியில் "பகிர்ந்து உதவுங்கள்". ஒரு பதிவுக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். அதற்குள் நாலு பேர் பேசினால், பத்துப் பேர் பகிர்ந்தால், யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற இயந்திரம் அதைத் தூக்கி இன்னும் பலர் கண்ணில் காட்டும். யாரும் சீண்டவில்லை என்றால் குழி தோண்டிப் புதைத்துவிடும். என் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது.

எங்கள் மாதிரித் தனியாளாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நகம் பூசுகிறவள், கேக் செய்கிறவள், கண் இமை ஒட்டுகிறவள், கல்யாணப் புகைப்படக்காரன் என்று எல்லாரும் இருக்கிறோம். ஒருவர் பதிவு போட்டு அதன் இணைப்பை அங்கே தட்டினால், மற்றவர்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கீழே நாலு வார்த்தை எழுத வேண்டும். இன்று எனக்கு, நாளை உனக்கு. உலாரின் பதிவு இணைப்பையும் அங்கே போட்டேன். சொன்ன வாக்குத் தவறாமல் வந்தார்கள்.

"செம! எனக்கும் ஒண்ணு வேணும்."

"வேற கலர் இருக்கா?"

"விலை இன்பாக்ஸ்ல சொல்லுங்க சிஸ்டர்."

"பார்க்கவே ஆசையா இருக்கு. டெலிவரி உண்டா?"

என் தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான், அவன் முகத்துக்குக் கீழே விலை கேட்கிறார்கள். எவரும் படிப்பதில்லை, பழக்க தோஷத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். டெலிவரி கேட்டது கேக் செய்கிற பெண். அவளைக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, கண்ணு எங்க வச்சிருக்கே? யாருக்குடி டெலிவரி?"

"ஐயோ அக்கா! ஓவன்ல கேக் இருந்துச்சு, பார்க்காம போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கக்கா, இப்பவே அழிச்சிடுறேன்."

"அழிக்காதே," என்றேன். "இருக்கட்டும்."

அழித்தால் பதிவு கீழே போய்விடும். அதனால் என் தம்பிக்கு விலை கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம் போட்டு, "நன்றி" என்று பதிலும் எழுதினேன். பதில் எழுதினாலும் கணக்கில் சேரும். ஒருவரையும் விடவில்லை.

அது போதவில்லை. கலிபா அக்காவின் சோபாப் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் ஏராளம், ரஷ்யாவில் வேலை செய்கிற நம் ஆட்கள்கூட ஊரில் வீடு கட்டிவிட்டு அந்தப் பக்கத்தில்தான் சோபா பார்ப்பார்கள். அதன் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. கேட்டால் மாட்டேன் என்பாள், அதனால் கேட்கவில்லை. இரண்டு சோபாக்களுக்கு நடுவில் உலாரை உட்கார வைத்தேன். மதியத்துக்குள் அக்காவின் போன் வந்துவிட்டது.

"கூமுஷாய், உனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா? கல்யாணப் பொண்ணுக்கு சோபா பார்க்க வர்றவங்க, காணாமப் போனவன் முகத்துலயா முழிக்கணும்? அபசகுனம்டி!"

"அக்கா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டு வைங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இது என் பொழைப்பு. கடவுச்சொல்லை மாத்திட்டேன். நாளையிலேர்ந்து வேற ஆள் பார்த்துக்கறேன்."

கத்தினேன். நான் இல்லாவிட்டால் உன் பள்ளம் விழுந்த சோபாவை நாய்கூட முகர்ந்து பார்க்காது என்றேன். அந்த வேலை அத்தோடு போயிற்று. அதைப் பற்றி எனக்கு அப்போது கவலையே இல்லை, பதிவை எடுத்துவிட்டாளே என்றுதான் ஆத்திரம்.

பிறகு ஊர்வம்பு எல்லாம் போடுகிற பெரிய பக்கம் ஒன்றை நடத்துகிறவனைப் பிடித்தேன். அவன் பக்கத்தில் ஒன்று வந்தால் நாடே பார்க்கும். அவன் நல்லவனாகத்தான் பேசினான்.

"எழுத்தெல்லாம் ஓடாதுக்கா. யாரு படிக்கிறா? நீங்களே கேமரா முன்னாடி வந்து பேசுங்க. எடுத்தவுடனே அழுகை வரணும், இல்லேன்னா தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. அழுது அனுப்புங்க, நான் போடுறேன். உங்ககிட்ட எதுவும் வாங்கமாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. என் வாடிக்கையாளர் யாராவது வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என்னோடு அந்த வீட்டில் இருப்பவள் பெரிஸாத். தலாஸ் ஊர்க்காரி, வாயாடி, தையல் கடை வைத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் எலியும் பூனையும். பாத்திரம் யார் கழுவுவது என்பதில் தினமும் ஒரு சண்டை உண்டு. அவள் போனில் கேமரா நன்றாக இருக்கும், அதனால் அவளையே எடுக்கச் சொன்னேன். உலார் என்று பெயரைச் சொன்னதுமே அணை உடைந்த மாதிரி அழுதேன். என்ன பேசினேன் என்றே நினைவில்லை. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் சன்னல், முகம் ஒரே இருட்டு.

"இது ஆகாது. நான் இந்தப் பக்கம் உட்கார்றேன், மறுபடி எடு," என்றேன்.

"அடியே, நீ அழுதது உண்மையா அழுததுடி. மறுபடியும் எப்படி அழுவே?"

"அழுவேன். எடு."

அழுகை வரவில்லை. சொந்தத் தம்பி காணாமல் போயிருக்கிறான், கண் காய்ந்து கிடக்கிறது. கையைக் கிள்ளினேன். அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததை நினைத்தேன். மெல்லக் கண் கலங்க ஆரம்பித்த நேரத்தில் பெரிஸாத்தின் போன் அதிர்ந்தது.

"எவன்டா அது நேரங்கெட்ட நேரத்துல!" என்று கத்தினேன்.

பெரிஸாத் திரையைப் பார்த்தாள். "இதோ வந்துடுறேன்," என்று மாடிப்படிக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவள் முகம் கழுவியிருந்தாள்.

"யாரு?"

"வீட்டுக்காரம்மா. தண்ணி பைப் விஷயம்."

"சரி, வா, எடு."

"வேணாம் கூமுஷ். முதல்ல எடுத்ததே போதும்."

"அதுல முகமே தெரியலையேடி!"

"தெரிய வேணாம்," என்றாள். அதற்குமேல் அவள் போனைத் தூக்கவே இல்லை. கை வலிக்கிறது என்றாள். நானும் திட்டித் தீர்த்துவிட்டு, இருட்டு முகத்தையே கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்பி வைத்தேன்.

அது ஓடியது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. ஓஷ்ஷில் பகிர்ந்தார்கள், ரஷ்யாவில் கசானில் பகிர்ந்தார்கள், சிகாகோவில் லாரி ஓட்டுகிற நம் பையன்கள் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் "உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும் தங்கச்சி" என்று எழுதினார்கள். ஆனால் என் சொந்தக்காரன் ஒருவன்கூட அதைத் தொடவில்லை.

சொந்த ஊரான அத்-பாஷியில் எங்கள் உறவு முறைக்காரர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரைச் சொல்லத் தெரிந்தவன்தான் ஆண்பிள்ளை என்று பீற்றிக்கொள்கிறவர்கள். அதனால் குழுவுக்கே "ஏழு பாட்டன்" என்றுதான் பெயர். ஆரம்பத்தில் நன்றாகத்தான் பகிர்ந்தார்கள். ஆடு விற்கிற குழு, பள்ளிக்கூடக் குழு, மசூதிக் குழு என்று ஒன்றுவிடாமல் போட்டார்கள். பெரியப்பா துர்தாகுன் எல்லாரும் அவனுக்காகத் துவா செய்யும்படி கேட்டுக் குரல் பதிவு அனுப்பினார். அப்புறம் திடீரென்று ஊமையாகிவிட்டார்கள். என்னவென்று உள்ளே போய்ப் பார்த்தால், உலார் படமே அங்கே இல்லை. நிர்வாகி நீக்கிவிட்டார் என்று இருந்தது. நிர்வாகி யார்? பெரியப்பா மகன் மெலிஸ். ஊரிலிருந்து எங்களுக்கு உருளைக்கிழங்கு மூட்டை கொண்டுவந்து போடுகிறவன், உலாரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். மறுபடி போட்டேன். போட்ட கையோடு மறுபடி மறைந்தது.

எனக்கு வெறி பிடித்தது. குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு, சுன்னத்துக்கு, தொட்டில் போடுறதுக்கு அழைப்பிதழ் செஞ்சு கொடுத்தது யாரு? நான்! உங்க கிழட்டு ஆடு விலை போகணும்னா 'கூமுஷ், ஒரு படம் போட்டுக் குடும்மா'. என் தம்பியைக் காணோம்னா ஊரே செவிடா? மெலிஸ், நீ மனுஷனாடா? அவன் அநாதைன்னுதானே தைரியமா அழிக்கிறே? ஏழு பாட்டனாம்! ஒரு பாட்டனுக்குப் பொறந்திருந்தாகூட இப்படிச் செய்யமாட்டீங்க!"

எல்லாரும் கேட்டார்கள். ஒவ்வொரு பெயராக நீலக் குறி விழுந்ததைப் பார்த்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு விருந்தில் பெரியவருக்கு மரியாதையாக வைக்கிற ஆட்டுத்தலையை யார் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று இதே குழுவில் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டவர்கள் இவர்கள். இப்போது நான் பாட்டன் பூட்டனை எல்லாம் இழுத்துத் திட்டியிருக்கிறேன், ஒருவன்கூட "வாயை மூடு" என்று எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதுதான் பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பாடு கிடக்கட்டும் பெரியம்மா. உங்க மகன் ஏன்..."

"சூடா ஏதாவது குடிம்மா. பெரிஸாத் இருக்காளா பக்கத்துல? அவளை அனுப்பிடாதே."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பெரிஸாத்தோ கடைக்கே போகவில்லை. நூடுல்ஸ் சூப் வைத்தாள், பாத்திரம் எல்லாம் அவளே கழுவினாள். நான் வேண்டுமென்றே சண்டை இழுத்தேன். "ஆமாடி, என் தப்புதான்," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் கதவு தட்டினார்கள். திறந்தால் பெரியப்பா, பெரியம்மா, மெலிஸ், இன்னும் இரண்டு அத்தைமார். கணவாயெல்லாம் பனி, அதைத் தாண்டி வந்திருக்கிறார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. திட்டியது உறைத்திருக்கிறது, தேட உதவ வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"வாங்க, வாங்க! மெலிஸ், நேத்துத் திட்டினதை மனசுல வச்சுக்காதே. உட்காரு, உனக்கு வேலை இருக்கு," என்று மடிக்கணினியைத் திறந்தேன். எந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு வரைபடம் இருந்தது. "பாருங்க பெரியப்பா, கசான்ல நல்லா ஓடுது. சுர்குத்ல இன்னும் கொஞ்சம் ஏறணும். அங்க இருக்கிற நம்ம ஊர் ஆளுங்க குழு எல்லாத்துலயும் மெலிஸ் போட்டான்னா..."

பெரியம்மா என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். பெரிய அத்தை இடப்பக்கம். ஒட்டி உட்கார்ந்தார்கள், இருவர் தோளும் என் தோளில் இடித்தது.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களில் ஒரு சாவுச் செய்தியை நெருங்கிய உறவுக்குப் போனில் சொல்லமாட்டார்கள். எழுதமாட்டார்கள், வழியில் பார்த்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். பெரியவர்கள் கூடி, நேரில் வந்து, சரிந்து விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் பெண்களை உட்கார வைத்துவிட்டுத்தான் சொல்வார்கள். அதுவரைக்கும் ஊருக்கே தெரிந்திருக்கும், உரியவளுக்கு மட்டும் தெரியாது. அம்மாவுக்கும் இப்படித்தான் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெரியப்பா ஆரம்பித்துவிடுவார்.

"படத்தை மாத்தணும் பெரியப்பா. சிரிக்கிற படம் வேணாம். ஜாக்கெட் தெரியற மாதிரி வேற ஒண்ணு இருக்கு. அப்புறம் ரஷ்ய மொழியில ஒண்ணு எழுதணும், பஸ் டிரைவர்கள் குழு ஒண்ணு இருக்காம், அதுல போட்டா... வெள்ளிக்கிழமை எல்லாரும் போன் பார்ப்பாங்க, அன்னைக்குப் போட்டா... மெலிஸ், எழுதிக்கடா, ஏன் சும்மா நிக்கிறே? எழுதிக்கோ..."

பெரியப்பா குறுக்கிடவில்லை. தொப்பியைக் கழற்றாமல், முழங்காலில் கை வைத்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். கதவோரம் பெரிஸாத் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிற்று.

"மகளே," என்றார் பெரியப்பா. "போனைக் கீழ வை. நீ நல்லாத்தான் தேடினே. நீ தேடினதாலதான் கிடைச்சான். அல்லாஹ் நம்மகிட்ட கொடுத்து வச்ச அமானிதத்தை அவனே திருப்பி வாங்கிக்கிட்டான். உன் தம்பி இன்னைக்கு விமானத்துல வீட்டுக்கு வர்றான். மனசைத் திடப்படுத்திக்கோ."

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தும் நான் விழுந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவன் ஏறிப் போன பஸ் உறைபனியில் சறுக்கிக் கவிழ்ந்திருக்கிறது. சட்டைப்பையில் எதுவும் இல்லாததால் பெயர் தெரியாமல் பிணவறையில் கிடந்திருக்கிறான். அந்த ஊரில் வேலை செய்கிற நரின்காரன் ஒருவனின் மனைவி போனில் சோபா பார்த்துக்கொண்டிருந்தாளாம். நடுவில் இவன் முகம். விபத்து பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் கணவனை விரட்டியிருக்கிறாள், அவன் போய்ப் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறான். பதிவுக்குக் கீழே அவன் எழுதவில்லை. நம் வழக்கம் தெரிந்த பிள்ளை, எப்படி எழுதுவான்? யார் யாரையோ விசாரித்து மெலிஸைக் கூப்பிட்டான். மெலிஸ் பெரிஸாத்தைக் கூப்பிட்டான். செத்தவனைத் தேடச் சொல்லி அவன் படம் ஊரெல்லாம் அலையக் கூடாது என்று குழுவில் அதை நீக்கினார்கள். நான் திட்டியதை எல்லாரும் உட்கார்ந்து கேட்டு அழுதார்களாம். மெலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் திட்டுக்கா, திட்டு," என்றான்.

அத்-பாஷியில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவனை வைத்தோம். ஏழாம் நாள் காரியம் முடித்து நான் பிஷ்கெக் திரும்பினேன். முதல் வேலையாகப் பதிவை எடுத்தேன், வம்புப் பக்கக்காரனும் எடுத்துவிட்டான். அதனால் பயனில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இறக்கிவைத்துக்கொண்டு தன் பெயரில் போட்டவர்கள், வெட்டி ஒட்டியவர்கள், அந்தக் குழு இந்தக் குழு என்று அது தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்று நன்றாகப் பரவிவிட்டால் அப்புறம் அதைப் போட்டவளே நினைத்தாலும் நிறுத்த முடியாது. பதிவின் கீழே என் எண் இருக்கிறது. போன்கள் வருகின்றன. கிடைத்தானா என்று கேட்கிறார்கள். பெரிஸாத்தான் எடுத்துச் சொல்வாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. செத்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று எண்ணெய் காயவைத்து மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பெரிஸாத்தின் கையெல்லாம் மாவு, அதனால் நானே எடுத்தேன். கசானிலிருந்து ஒரு பெண், நம் பெண்தான், பஸ் கழுவுகிற வேலையாம். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா! காணாமப் போனவரோட அக்காதானே? இப்பத்தான் பார்த்தேன்க்கா! என் கண்ணால பார்த்தேன், பஸ்ல ஏறினாரு! கூப்பிடுறதுக்குள்ள கிளம்பிடுச்சு. ஆனா அவரேதான்க்கா, சத்தியமா!"

பெரிஸாத் என்னைப் பார்த்து, சொல்லிவிடு என்று தலையசைத்தாள். வாயைத் திறந்தேன்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்தாருக்கா. சன்னலோரமா உட்கார்ந்து யார்கூடவோ போன்ல பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

"மெலிஞ்சிருந்தானா?"

"இல்லக்கா. கன்னமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"குளிருக்குத் தகுந்த மாதிரி உடுத்தியிருந்தானா?"

"ஆமாக்கா, மப்ளர்கூட சுத்தியிருந்தாரு."

வாணலியில் எண்ணெய் புகைந்தது. பெரிஸாத் வந்து அடுப்பை அணைத்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிம்மா," என்றேன். "மறுபடி கண்ணுல பட்டான்னா, எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு."